ஆறு பெட்டி வந்த வீடு



சென்ற இதழில் பிரிஜ் கதவின் ரப்பரைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. இந்த மாதம் எழுதப்போகும் விஷயத்துக்கு ஏச்சுக் கடிதங்கள் வரக்கூடும். 'ஹோம் தியேட்டர்' என்ற பெயரைக் கேட்டதுமே நம் பெரியவர்களில் பலருக்கு முகம் சுருங்கிவிடும். தியேட்டரை வீட்டுக்குள் கொண்டுவருவதா என்பார்கள். எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் நமது ஹோலுக்குள் வந்து பல வருஷங்களாகிவிட்டன. வாங்குவது ஆண்கள். தூசு தட்டுவதும், கரண்ட் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதும், மறுநாள் காலையில் அடுத்த வீட்டாரின் முகத்தில் விழிப்பதும் நாங்கள். ஆகவே அவை எப்படி வேலை செய்கின்றன என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஒன்று வந்தது. கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி லீவில் வந்தபோது கொண்டுவந்தான். ஐந்து சின்னப் பெட்டிகள், ஒரு பெரிய பெட்டி, ஒரு ரிமோட், ஒரு மூட்டை வயர். அன்றிரவே எல்லாவற்றையும் பூட்டினான். ஐந்து பெட்டிகளையும் ஷோகேசின் மேல்தட்டில் வரிசையாக அடுக்கினான். பெரிய பெட்டியை மூலையில் தள்ளினான். சத்தத்தைக் கூட்டியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுநாள் நான் அந்தப் பெட்டிகளின் மேல் என் கையால் பின்னிய லேஸ் துணியை விரித்து, நடுப்பெட்டிக்கு முன்னால் ஒரு பூச்சாடியையும் வைத்தேன். வீடு நிறைந்தாற்போல் இருந்தது.

இரண்டு வாரம் போனது. மஃரிபுக்குப் பிறகு எங்களோடு ஹோலில் உட்கார்ந்திருக்கும் உம்மா, மெல்ல எழுந்து குசினிப் பக்கம் போக ஆரம்பித்தார். பழைய ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு முஸ்லிம் சேவையைக் கேட்பார். கூப்பிட்டால், "நீங்க பாருங்க" என்பார். தம்பி பயணம் போன பிறகும் அப்படித்தான். ஒரு நாள் தம்பியின் மனைவி கண் கலங்கி என்னிடம் வந்தாள். "மதினி, மாமிக்கு என்னோட ஏதும் கோவமா? நான் இருக்கிற எடத்தில இருக்கவே மாட்டேங்கிறாங்க" என்றாள். எனக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம் இருந்தது. வீட்டுக்கு வந்த மருமகளோடு மனக்கசப்பு என்றால், அதை ஊருக்குள் போகவிடாமல் எப்படித் தீர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உம்மாவிடம் தனியாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பொட்டி டமடமண்டு அடிக்கிது மகள். மனிசர் பேசுறது மட்டும் எனக்கு வெளங்குதில்ல. எல்லாருஞ் சிரிக்கிறீங்க, நானும் சும்மா சிரிக்கிற. எத்தன நாளைக்கு அப்பிடிச் சிரிக்கிற?"

அன்றைக்குத்தான் நான் அந்தப் பெட்டியோடு வந்த புத்தகத்தைக் கையில் எடுத்தேன். புரியாத இடங்களைத் தெரிந்தவர்களிடம் கேட்டேன். படித்ததைச் சொல்கிறேன்.

முதலில் காதைப் பற்றி. அல்லாஹ் நமக்கு இரண்டே செவிகளைத்தான் தந்திருக்கிறான். ஆனாலும் பின்னால் யார் வருகிறார், மரத்தில் எந்தப் பக்கம் குருவி கத்துகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறோம். எங்கள் கலவானயிலிருந்து குடாவப் பக்கமாகச் சிங்கராஜ வனத்துக்குள் போனால் இதை நன்றாக அனுபவிக்கலாம். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு அது. பல வகைப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடி வரும்போது முன்னால், பின்னால், தலைக்கு மேலே என்று எல்லாப் பக்கமும் சத்தம். வலப்பக்கத்துச் சத்தம் வலக்காதை ஒரு கணம் முந்தி எட்டும். அந்த இடைவெளி ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கை விடவும் குறைவு. இடக்காதுக்குத் தலை மறைப்பதால் சத்தம் சற்றுக் குறையும். முன்னா பின்னா என்று பிரித்துச் சொல்ல காது மடலின் மடிப்புகள் உதவுகின்றன. ஸுப்ஹானல்லாஹ். இந்த அனுபவத்தைப் பெட்டிகளை வைத்து உண்டாக்கப் பார்ப்பதுதான் 'சரவுண்ட் சவுண்ட்', அதாவது சுற்றுமுற்றும் கேட்கும் ஒலி.

இதன் சரித்திரம் சினிமாவோடு பின்னியது. படம் பார்க்கும்படி சொல்வதற்காக எழுதவில்லை, பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் பெயர்கள் அங்கிருந்து வந்தவை என்பதால் எழுதுகிறேன். ரே டால்பி என்ற அமெரிக்கர் 1965இல் லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கினார். அதற்கு முன் இரண்டு வருஷம் ஐக்கிய நாடுகளின் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் இருந்தவர் அவர். 1970களில் அந்தக் கம்பெனி, படச்சுருளின் ஓரத்தில் இருந்த இரண்டு ஒலிக்கோடுகளுக்குள் நான்கு பக்கத்து ஒலிகளை மடித்து வைக்க வழி கண்டது. அதையே 1982இல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1987இல் 'புரோ லொஜிக்' வந்தது. அதன் தந்திரம் எளிது. இரண்டு கோட்டிலும் ஒரே மாதிரி இருக்கும் ஒலியை நடுப்பெட்டிக்கு அனுப்பும். ஒன்றுக்கொன்று எதிர்மாறாக இருப்பதைப் பின்பெட்டிக்கு அனுப்பும்.

1992இல் 'டால்பி டிஜிட்டல்' தியேட்டருக்கு வந்தது. மடித்து வைக்கும் வேலை இல்லை, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி ஒலி. படச்சுருளின் பல் துளைகளுக்கு இடையில் இருக்கும் துண்டு இடத்தில் அதை அச்சடித்தார்கள். அடுத்த வருஷமே 'டி.டி.எஸ்.' என்ற போட்டிக் கம்பெனி, ஒலியைச் சுருளில் வைக்காமல் தனி சீ.டி.யில் வைத்துப் படத்தோடு சேர்த்து ஓட்டியது. தமிழிலும் 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடும், 1996இல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியோடும் வந்தன. 1996 முடிவில் ஜப்பானில் டீ.வீ.டி. விற்பனைக்கு வந்தது. தியேட்டரில் இருந்த ஐந்து பெட்டி விவகாரம் அதற்குப் பின்தான் சாதாரண வீடுகளுக்கு இறங்கியது.

டால்பி நல்லதா, டி.டி.எஸ். நல்லதா என்று மருமக்கள்மார் சண்டை பிடிப்பார்கள். அதில் நீங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரே கடிதத்தை ஒருவர் தமிழிலும் மற்றவர் சிங்களத்திலும் எழுதியதைப் போன்றது அது. உங்கள் பெட்டிக்கு இரண்டையும் வாசிக்கத் தெரிகிறதா என்பதே கேள்வி. வாசிக்கத் தெரியாத மொழியில் வந்தால், படம் ஓடும், சத்தம் வராது. பெட்டி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

இப்போது 5.1 என்ற எண். ஐந்து தசம் ஒன்று. முன்னால் இடம், நடு, வலம் என்று மூன்று, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு. அவைதான் ஐந்து. தசம் ஒன்று என்பது மூலையில் இருக்கும் பெரிய பெட்டிக்குப் போகும் அடித்தொனி மட்டும். செக்கனுக்கு 120 தடவைக்கு மேல் அதிராத இடி, வெடி, மேளம் போன்ற தாழ்ந்த ஒலிகள். மனிதக் காது 20 முதல் 20,000 வரை கேட்கும் என்பதால், அது ஒரு முழுப் பங்கல்ல, சின்னத் துண்டுதான் என்று காட்டத் தசம் போட்டார்கள். 7.1 என்றால் முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. 5.1.2 என்று மூன்றாவது எண் இருந்தால், தலைக்கு மேலே இரண்டு.

நமக்கு முக்கியமானது அந்த நடுப்பெட்டி. ஐந்து பெட்டிக்கென்று தயாரித்த ஒலியில் மனிதர் பேசும் பேச்சு பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. மற்ற நான்கிலும் வருவது இசையும், காற்றும், மழையும், வாகனமும். நான் லேஸ் துணி போர்த்திப் பூச்சாடி வைத்து மறைத்தது எதை என்று இப்போது விளங்கியிருக்கும்.

வயது போகும்போது முதலில் குறைவது உயர்ந்த தொனிகளைக் கேட்கும் சக்தி. ஸ, ச, த, ஃப போன்ற எழுத்துகளின் கூர்மை அந்த உயர்ந்த தொனிகளில்தான் இருக்கிறது. ஆகவே வயதானவருக்குச் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. சத்தத்தைக் கூட்டினால் டமடம என்பதும் சேர்ந்துதான் கூடும். லேஸ் துணியும் அந்தக் கூர்மையைத்தான் முதலில் தின்கிறது. உம்மாவின் காதில் பாதியை வயது எடுத்தது, மீதியில் பாதியை நான் எடுத்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், மருமகளும் நானுமாக எல்லாவற்றையும் பிரித்தோம். டீ.வி. இருக்கும் இடத்தைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். உம்மாவின் கதிரை கடிகாரத்தின் நடு. முன்பெட்டிகள் இரண்டும் 11க்கும் 1க்கும் வந்தன. பின்பெட்டிகள் 4க்குச் சற்று முந்தியும் 8க்குச் சற்றுப் பிந்தியும், அதாவது காதுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால். வயர் எட்டவில்லை, இன்னும் ஆறு மீற்றர் வாங்கினோம். நடுப்பெட்டியை ஷோகேசின் மேலிருந்து இறக்கி, டீ.வி.க்கு நேர் கீழே, முகம் உம்மாவைப் பார்க்கும்படி சற்று நிமிர்த்தி வைத்தோம். லேஸ் துணி அலுமாரிக்குள் போனது.

வயரின் இரு முனையிலும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று பார்த்துப் பூட்ட வேண்டும். ஒன்றை மாற்றிவிட்டால் சத்தம் வரும், ஆனால் குரல் பொள்ளலாகி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. எங்களுடையதில் ஒன்று அப்படித்தான் இருந்தது. ரிமோட்டில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள். சர்ர் என்ற இரைச்சல் பெட்டி பெட்டியாகச் சுற்றி வரும். எந்தப் பெட்டி ஊமை என்று உடனே தெரிந்துவிடும்.

பிறகு ரிமோட்டில் நடுப்பெட்டியின் அளவை மட்டும் மூன்று படி கூட்டினோம். 'நைட்' என்ற பட்டனையும் போட்டோம். அது பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும். இரவில் பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்கும், காது மந்தமான பெரியவர் இருக்கும் வீட்டுக்கும் இதைப்போல் உதவி வேறில்லை. பல பெட்டிகளில் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

இன்னொரு பட்டனையும் தம்பி 'ஹோல்' என்பதில் விட்டுப் போயிருந்தான். அது எல்லாச் சத்தத்துக்கும் எதிரொலி சேர்ப்பது. கிராஅத்தையும் பயானையும் அப்படிக் கேட்டால் ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் விழும். மத்தும் குன்னாவும் ஒன்றோடொன்று கலந்துவிடும். குர்ஆன் கேட்கும்போது சரவுண்டும் வேண்டாம், ஹோலும் வேண்டாம், 'ஸ்டீரியோ' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால், அனுப்புகிற இடத்தில் ஐந்து இல்லாவிட்டால் வீட்டில் ஐந்து வராது. சாதாரண டீ.வி. அலைவரிசைகளிலும், போனில் பார்க்கும் பயான்களிலும் வருவது ஒன்று அல்லது இரண்டு ஒலிதான். இரண்டு அகப்பை நோன்புக் கஞ்சியை ஐந்து கோப்பையில் ஊற்றினால் கஞ்சி கூடிவிடுமா? அதைப்போல டீ.வி.யையும் பெட்டியையும் சிவப்பு, வெள்ளை வயரால் இணைத்திருந்தால் அதற்குள்ளால் இரண்டு ஒலிதான் போகும். டிஜிட்டல் ஐந்து போக வேண்டுமானால் ஒளிவயரோ, எச்.டி.எம்.ஐ. வயரோ வேண்டும். டீ.வி.யின் ஒலிப்பகுதியில் 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றவும் வேண்டும். 'பி.சி.எம்.' என்று இருந்தால் பல டீ.வி.கள் இரண்டாகக் குறைத்தே அனுப்பும்.

வாங்கப் போகும் சகோதரிகளுக்கு ஒன்று. எங்கள் இரத்தினபுரிப் பக்கத்துக் கல் வியாபாரிகள் ஒரு கல்லைக் கையில் எடுத்தால், வெளிச்சத்தில் பிடித்து நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் விலை பேச மாட்டார்கள். அதே மனிதர்கள் பெட்டி வாங்கும்போது, முன்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துக் காசை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் பெட்டியின் முன்னால் 3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று தங்க எழுத்தில் இருந்தது. திருப்பிப் பார்த்தால், பின்னால் சின்ன எழுத்தில், அது எடுக்கும் மின்சாரம் 65 வாட்ஸ். அறுபத்தைந்தை வாங்கி மூவாயிரத்தைத் தொடர்ந்து கொடுக்க எந்தப் பெட்டியாலும் முடியாது. முன்னால் இருப்பது கண்சிமிட்டும் நேரத்துக்கு ஏட்டில் போட்ட கணக்கு. 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருக்கும் எண்ணைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் பின்பக்கத்தைப் படியுங்கள்.

சென்ற மாதம் தம்பி போன் எடுத்தான். "தாத்தா, அட்மோஸ் எண்டு ஒண்டு வந்திருக்கு. மேலால எல்லாம் சத்தம் வரும். ஒரே ஒரு நீளப் பெட்டிதான், அனுப்பவா?" என்று கேட்டான். அட்மோஸ் 2012இல் தியேட்டருக்கும் 2014இல் வீட்டுக்கும் வந்தது. இது இந்தப் பெட்டிக்கு, அது அந்தப் பெட்டிக்கு என்று பங்கு பிரிக்காமல், ஒரு சத்தம் அறையில் எந்த இடத்திலிருந்து வர வேண்டும் என்று குறித்து அனுப்புவது. நல்ல வித்தைதான். ஆனால் அவன் சொன்ன மாதிரியான நீளப் பெட்டி, சத்தத்தை மேலே எறிந்து, சீலிங்கில் பட்டுத் திரும்ப வைத்துத்தான் தலைக்கு மேலிருந்து வருவதாகக் காட்டுகிறது. அதற்குத் தட்டையான, அதிக உயரமில்லாத சீலிங் வேண்டும். எங்கள் ஹோலுக்கு ஏது சீலிங்? சரிவான கூரைத்தகடு. மேலே எறிந்த சத்தம் அடுத்த அறைச் சுவருக்கு மேலால் போய் விழும். இதை அவனுக்கு விளக்கிச் சொல்லி, அந்தக் காசை உம்மாவின் காதுக்கு வைக்கும்படி சொன்னேன். பெட்டியைச் சரிசெய்தது காதைச் சரிசெய்ததாகாது. அரச ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்கில் பரிசோதித்தாயிற்று. கருவி ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது.

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் பக்கம் இது. தகட்டில் அடைமழை இறங்கினால் எந்தக் கம்பெனியின் எந்தப் பெட்டியும் தோற்றுவிடும். அதோடு போட்டியிட்டுச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். பெட்டியின் உள்காகிதம் கிழியும். ஈரத்தில் அந்தக் காகிதம் பூஞ்சணம் பிடிக்கும், மரப்பலகை ஊதும். ஆகவே சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, தரையில் படாமல் வையுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இடிக்கத் தொடங்கினால் ப்ளக்கை மட்டுமல்ல, அன்ரனா வயரையும் கழற்றுங்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும்போதும் அப்படித்தான். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களில், போனது திரும்பி வந்த வேகத்தில் எத்தனை வீட்டில் எத்தனை பெட்டி எரிந்தது என்று உங்களுக்கே தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பின் உம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். பயான் ஒன்று போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டார். "இவர் இவ்வளவு மெல்லப் பேசுற மனிசனா? நான் ஏசுறார் எண்டு நெனச்சேன்" என்றார். மருமகள் சிரித்தாள், பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். நோன்பு வந்தது. எங்கள் அடுத்த வீடு சிங்களக் குடும்பம். நோன்பில் எங்களிடமிருந்து கஞ்சி போகும், சித்திரையில் அங்கிருந்து கொக்கிஸ் வரும். பல வருஷத்துப் பழக்கம். கஞ்சிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த அந்த வீட்டு அம்மாவிடம் மகனைக் காணவில்லையே என்று கேட்டேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான், இரவில் தெல்கொடயில் அவன் பெரியம்மா வீட்டில் இருக்கிறான், அங்கே சத்தமில்லை என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு குறையும் சொல்லவில்லை.

சட்டியை வாங்கி வைத்துவிட்டு, மூலையில் இருந்த அந்தப் பெரிய பெட்டியைப் பார்த்தேன். செக்கனுக்கு 50 தடவை அதிரும் ஒலியலை ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட 7 மீற்றர். எங்கள் ஹோலே அவ்வளவு நீளமில்லை. பேச்சைச் சுவர் தடுக்கும், கதவு தடுக்கும். இந்த அடித்தொனியைச் செங்கல் சுவர் லேசில் தடுக்காது. மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அதை இன்னும் பெருக்கிவிடும். அந்த மூலைக்கு வெளியே மூன்றடி ஒழுங்கை, அதைத் தாண்டினால் அந்தப் பையன் படிக்கும் அறை. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி எத்தனை பயான் கேட்டிருக்கிறோம்! அந்தப் பயானையே அவனுடைய மேசை அதிரும்படி வைத்துக் கேட்டிருக்கிறோம். ஹோலுக்குள் இருக்கும் நமக்கு அது பெரிதாகத் தெரியாது. தெரிய வேண்டுமானால் உங்கள் வீட்டில் பெட்டியை ஓடவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய் ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

அன்றே பெரிய பெட்டியின் ப்ளக்கைக் கழற்றினேன். சின்னப் பெட்டிகள் மட்டும் ஓடின. பேச்சில் ஒரு குறையும் தெரியவில்லை, சொல்லப்போனால் முன்னையதை விடத் தெளிவு. மருமகளை அனுப்பி, பையனை வீட்டுக்குக் கூப்பிடச் சொன்னோம். மூன்றாம் நாள் வந்தான்.

பரீட்சை முடிந்து மாதங்களாகிவிட்டன. ப்ளக் இன்னும் மாட்டப்படவில்லை. தம்பி வந்தால் கேட்பான். உம்மா மட்டும் ஒரு நாள் அந்தப் பெரிய பெட்டியைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல பலகை மகள், இதுக்கு மேல தையல் மெசினை வெக்க ஏலாதா?" என்று கேட்டார். வைத்திருக்கிறோம். ஆடாமல் நிற்கிறது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் தையல் மெசின் பட்டி அறுவதைப் பற்றி எழுதுகிறேன். வஸ்ஸலாம்.